நூல்கார வீதியின் கிழக்கு

மனோரஞ்சிதம் அம்மாளின் கார் குன்னூரில் லாரி ஏறி, பர்லியார் வளைவுகளையெல்லாம் பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டே மலையிறங்கி, கோயமுத்தூர் சிங்காநல்லூரை ஒட்டிய நூல்கார வீதிக்கு வந்து சேர்ந்தபோது, அதன் நான்கு டயரிலும் காற்றில்லை, கண்ணாடியில் பாசி படிந்திருந்தது, இருக்கைக்குள் பெருச்சாளி பல தலைமுறையாகக் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது, ஆனாலும் அது வளைந்த முதுகோடு, இப்போதே கிளம்பிவிடுவதுபோல மூக்கைத் தாழ்த்திக்கொண்டுதான் நின்றது. அறுபது வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் வண்டி. முன்னால் இரண்டே பேர் உட்காரலாம். எஞ்சின் பின்னால் இருந்தது. அதற்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரே கிடையாது. ஒரு விசிறி காற்றை அடிக்க, நான்கு சிலிண்டர்களும் தங்கள் மேலுள்ள தகடு தகடான விளிம்புகளால் அந்தக் காற்றை வாங்கிச் சூடாறிக்கொள்ளும்.

அந்த வீதியில் இருபத்திரண்டு வருஷமாக லேத்துப் பட்டறை வைத்திருந்தவள் வசந்தாமணி. லாரி எஞ்சின், மோட்டார் பம்பு, கரும்பு ஆலை இயந்திரம் எல்லாம் அவள் கையில் பிறந்து மறுபிறவி எடுத்திருக்கின்றன, இப்படியொன்று வந்ததில்லை. அவள் வண்டியைச் சுற்றி வந்து, விசிறியின் வாயில் கை விட்டு, ஒரு பிடி குளவிக்கூட்டு மண்ணை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

“ஓடுமா வசந்தா?” என்று கேட்டார் மனோரஞ்சிதம் அம்மாள். அறுபத்தாறு வயது, வெட்டிய நரைமுடி, காலில் கான்வாஸ் ஷூ.

“திறந்து பாக்காம எப்படிங்கம்மா சொல்றது? எத்தனை வருஷமா நிக்குது?”

“முப்பத்து நாலு. பர்லியார் பக்கத்துல ஒரு வளைவுல நான் வேலியில விட்டுட்டேன். எனக்கு ஒரு கீறல் கூட இல்லை. வீட்டுக்காரர் அன்னைக்கே சாவியைப் பிடுங்கி அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டார். வண்டியை எங்க தேயிலை ஃபேக்டரி கொட்டகையில தள்ளிப் பூட்டிட்டார். போன ஆவணியில அவர் தவறிப்போயி, குளிப்பாட்டறப்பதான் சாவி என் கைக்கு வந்தது.” அவர் கைப்பையைத் திறந்து, கறுத்துப்போன ஒரு சின்னச் சாவியை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டார். “அந்த வளைவுல நானே ஏறிப் போகணும். அவ்வளவுதான்.”

பட்டறையை ஒட்டிய முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரமாகக் கட்டில் போட்டுப் படுத்திருந்த வெள்ளிங்கிரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வசந்தாமணியின் கணவன். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு வார்ப்படப் பட்டறையில் அச்சுப்பெட்டி சரிந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து அவனுக்கு அந்தக் கட்டில்தான் வீடு. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஆனால் காது மட்டும் முன்னைவிடக் கூர்மையாகி, தெருவில் போகிற வண்டியின் எந்த வால்வு எரிந்திருக்கிறது என்று படுத்தபடியே சொல்வான். நூல்கார வீதி தெற்கு வடக்காக ஓடுவது. எதிர் வரிசை வீடுகளெல்லாம் கிழக்கு பார்த்தவை. இவர்கள் வரிசை மேற்கு பார்த்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வெயில் அந்த ஜன்னல் வழியாக இறங்கி, தகரக்கூரை அறையை அடுப்பாக்கிவிட்டுத்தான் போகும். வசந்தாமணி ஜன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவாள். அரை மணிக்கு ஒரு முறை வந்து மறுபடியும் நனைப்பாள். ஒன்பது கோடை அப்படிப் போனது.

எஞ்சினைக் காரிலிருந்து இறக்கித் தாங்கியில் பூட்டிப் பார்த்தபோது அது கல்லாக இறுகிக் கிடந்தது. பிஸ்டன்கள் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தன. வசந்தாமணி டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்தாள், பதினோரு நாள் தினமும் ஒரு கரண்டி ஊற்றினாள், பன்னிரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குத் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி, மூச்சைப் பிடித்து இழுத்தாள். பிஸ்டன்களைச் சுழற்றும் நடுத்தண்டான கிராங்க் ஒரு முனகலோடு விட்டுக்கொடுத்து அரை வட்டம் திரும்பியது. அதே நேரத்தில் அவள் முதுகில் சுரீரென்று வெயில் விழுந்தது. மேற்கு பார்த்த பட்டறைக்குள் காலை எட்டு மணி வெயில் வந்தது அதுதான் முதல் தடவை.

எதிர்வீட்டு நஞ்சப்பன், மில்லில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் வாசற்படியில் இளவெயிலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், தான் நிழலில் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார், பிறகு பேப்பரை மடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

“அம்மிணி, வெயிலை எடுத்துட்டியா?”

“தெரியலீங்கண்ணா. கிராங்க்கைத்தான் திருப்பினேன்.”

“இன்னொருக்கா திருப்பிப் பாரு.”

அவள் ஸ்பேனரைப் பிடித்து மெதுவாகப் பின்னுக்குக் கொண்டுவந்தாள். பட்டறைத் தரையில் கிடந்த சுத்தியலின் நிழல் ஒரு கடிகார முள்ளைப்போல நகர்ந்து சுற்றியது. வெயில் தெருவைக் கடந்து போய் நஞ்சப்பனின் காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

“இப்பச் சரியா இருக்குது,” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

விஷயம் மத்தியானத்துக்குள் வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. கிராங்க் எவ்வளவு திரும்புகிறதோ வீதியும் அவ்வளவு திரும்புகிறது; வெளியே மெயின் ரோட்டில் ஒரு மாற்றமும் இல்லை, பஸ் வழக்கமான இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் வீதிக்குள் காலடி வைத்தால் சூரியனும் காற்றும் வேறு பக்கத்திலிருந்து வருகின்றன. மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, திசைகாட்டியைத் தரையில் வைத்துப் பார்த்து, அது காட்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

எஞ்சினைப் பிரிக்கும்போது அரை வட்டம் திருப்பிவைத்தால்தான் உள்ளே சில போல்ட்டுகள் கைக்கு எட்டின. வசந்தாமணி அப்படி வைத்தே பிரித்து, கிராங்க்கை எடுத்துப் போர்வையில் சுற்றி, ஊருக்குள் கணபதிப் பகுதியில் ஒரு பட்டறைக்குச் சாணை பிடிக்க அனுப்பினாள். அது அங்கே இயந்திரத்தில் சுழலும்போது என்ன ஆகுமோ என்று வீதியில் எல்லாரும் தண்ணீர்க் குடங்களைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் கூட்டைவிட்டு வெளியே போனால் அது வெறும் இரும்புதான் போலிருக்கிறது. அது திரும்பி வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. பதினெட்டு நாளும் வீதி தலைகீழாக, மேற்கே இருக்கவேண்டிய இடத்தில் கிழக்கை வைத்துக்கொண்டு நின்றது.

அந்தப் பதினெட்டு நாள்தான் வெள்ளிங்கிரியின் ஜன்னலில் காலை வெயில் வந்தது. முதல் நாள் அவன் போர்வைமேல் வந்து விழுந்த வெளிச்சத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். மத்தியானம் மூன்று மணிக்கு வசந்தாமணி பழக்கத்தில் சாக்கை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தபோது அறை குளிர்ந்து கிடந்தது, அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பகலில் அவன் தூங்கி அவள் பார்த்ததேயில்லை. ஈரச்சாக்கிலிருந்து தண்ணீர் தரையில் சொட்ட, அவள் காலோசை இல்லாமல் பட்டறைக்குத் திரும்பினாள்.

கிராங்க் வந்தது. புதுப் பேரிங் போட்டு, எஞ்சின் கூட்டின் இரண்டு பாதியையும் பொருத்தி மூடியபின், ஒரு விரலால் தள்ளினாலே அது எண்ணெயில் வழுக்கித் திரும்பியது. புதுப் பிஸ்டனும் சிலிண்டரும் ஜெர்மனியிலிருந்து வர மூன்று மாதமாகும் என்றார்கள். அந்த மூன்று மாதமும் நூல்கார வீதி தன் வாழ்க்கையை அதற்கேற்றபடி அமைத்துக்கொண்டது. வத்தல் வடகம் போடுகிறவர்கள் முந்தின நாளே வந்து சொல்லி வைத்தார்கள். வளைகாப்பு நடந்த வீட்டுக்கு அன்றைக்கு மட்டும் வாசலில் நிழல் கொடுக்கப்பட்டது. டிஷ் ஆன்டெனா மாட்டுகிறவர் வாரத்துக்கு மூன்று தடவை வந்து எல்லா வீட்டுக் குடையையும் திருப்பிவைத்தார், பிறகு இந்தத் தெருவுக்கென்றே ஓர் ஏணியை இங்கேயே விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் சூரியன் எங்கே உதிக்கிறது என்ற கேள்விக்கு இந்த வீதிப் பிள்ளைகள் மட்டும் “வசந்தாமணி அக்காவைக் கேட்க வேண்டும்” என்று எழுதினார்கள். தையல் கடை வஹாப் பாய் தினமும் அதிகாலைத் தொழுகைக்கு முன்னால் பட்டறை வாசலுக்கு வருவார்.

“அக்கா, இன்னைக்கு எங்க நிறுத்தியிருக்கீங்க?”

“பிள்ளையார் கோயில் பக்கம் கிழக்குங்க பாய்.”

அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு, தொழுகைப் பாயை அதற்கேற்றபடி விரிப்பார். தினமும் கேட்க வைப்பது சரியில்லை என்று வசந்தாமணி ஒரு கரும்பலகை வாங்கி மாட்டி, அன்றன்றைக்குக் கிழக்கு எங்கே என்று சாக்பீஸால் எழுதிவைத்தாள்.

பிஸ்டன் வந்து சேர்ந்த வாரம்தான் நஞ்சப்பன் அந்தக் கேள்வியைக் கேட்டார். கார் போனபிறகு வீதி எப்படி நிற்கும்? கடைசியாக எங்கே நிறுத்தப்படுகிறதோ அப்படியே நின்றுவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தார்கள். அவ்வளவுதான். அதுவரை ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வீதியில், இரண்டு வரிசைக்கும் நடுவே பேச்சு நின்றது. கிழக்கு பார்த்த வரிசைக்காரர்கள் பழையபடியே இருக்கட்டும் என்றார்கள். மேற்கு பார்த்த வரிசைக்காரர்கள், ஐம்பது வருஷமாக நாங்கள் வெந்தது போதாதா, இனி நீங்கள் கொஞ்சம் வேகுங்கள் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் முன்னால் கூடினார்கள்.

“வாசல்ல சூரியன் வந்து நிக்கணும்னுதான் ஊர்ல இருந்த தோட்டத்தை வித்துட்டு இந்த வீட்டை வாங்கினேன்,” என்றார் நஞ்சப்பன். “என்ற சம்சாரம் விடியக்காலம் அந்த வெயிலைக் கும்பிட்டுட்டுத்தான் தண்ணி குடிப்பா. அவளுக்கு நான் என்ன சொல்றது?”

வெள்ளிங்கிரியின் அறையைப் பற்றியும் ஒருவர் சொன்னார். யாராவது ஒருவர் திருப்பி நிறுத்தட்டும் என்றால், யார் கையில் ஸ்பேனரைக் கொடுத்தாலும் அந்தக் கை ஏதோ ஒரு வரிசையைச் சேர்ந்ததாக இருந்தது. கடைசியில் வஹாப் பாய் எழுந்தார்.

“எஞ்சின் ஓடி நிக்கட்டும். அதுக்கு எந்த வரிசையும் இல்லை. அது எங்க நிக்குதோ அங்கயே இருந்துக்கலாம்.”

எல்லாரும் வசந்தாமணியைப் பார்த்தார்கள். அவள் ஒளிக்காமல் சொன்னாள்: “நாலு சிலிண்டர் எஞ்சினுங்க. நிறுத்தினா ரெண்டே எடத்துலதான் நிக்கும். ஒண்ணு பழைய மாதிரி. இல்லீன்னா நேர் எதிரா. எதுன்னு யாருக்கும் தெரியாது.”

அப்படியே முடிவாயிற்று. கலைந்து போகும்போது நஞ்சப்பன் அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “அதுல ஏதாச்சும் பண்ண முடியுமா, அம்மிணி?”

“முடியாதுங்கண்ணா,” என்றாள்.

அது பொய். முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஓடுகிற எஞ்சினை நிறுத்தும்போது, எந்தச் சிலிண்டரில் காற்று அழுத்தமாக அடைபடுகிறதோ அதை மீற முடியாமல்தான் கிராங்க் நிற்கிறது. ஒன்றாவது, மூன்றாவது சிலிண்டர்களில் பிஸ்டனைச் சுற்றிப் போடுகிற ரிங்கின் வெட்டுவாயைக் கொஞ்சம் அகலமாக அரம் போட்டுவிட்டால் அவற்றில் அழுத்தம் குறையும். எஞ்சின் ஒவ்வொரு முறையும் மற்ற இரண்டின் முன்னால்தான் நிற்கும். வீதி என்றென்றைக்கும் வெள்ளிங்கிரியின் ஜன்னலில் விடியும். எவரும் கண்டுபிடிக்க முடியாது. வண்டியும் ஓடும். ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் நாலு மணிக்கு, வீதி பழைய திசையில் நின்றிருக்க, வெயில் நனைந்த சாக்கின் ஓட்டைகள் வழியாக அறைக்குள் வந்துகொண்டிருக்க, அவள் ரிங்குகளை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் வைத்து அளந்து, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி அளந்தாள். ஒரு சிலிண்டருக்கு மூன்று ரிங். முதல் ரிங் ஆயிற்று. இரண்டாவதற்கு அளவு சரியாக வந்தபிறகும் அவள் கை நிற்கவில்லை.

“அந்த ரிங்குக்கு எத்தனை தடவைதான் அரம் போடுவே?” வெள்ளிங்கிரியின் குரல் ஜன்னலோரத்திலிருந்து வந்தது.

அவள் இன்னொரு இழுப்பு இழுத்தாள்.

“மத்ததுக்கு ரெண்டு இழுப்பு. இதுக்கு ஆறு ஆச்சு. எத்தனாவது சிலிண்டருக்கு?”

“ஒண்ணாவது.”

“மூணாவதுக்கும் அப்படித்தானா?”

அவள் அரத்தை மேஜைமேல் வைத்தாள். அவன் வியர்வையில் நனைந்த தலையணையில் தலையைத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமில்லை. வெகு நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான்.

“அந்தம்மா பர்லியார் ஏத்தத்துல நின்னுபோனாங்கன்னு வை. மறுபடியும் யாராச்சும் சாவியைப் பிடுங்கிக்குவாங்க, வசந்தா.”

“அவங்களுக்கு அந்த ஒரு வளைவு. உங்களுக்கு ஆயுசு பூரா.”

“தெரியும். உள்ள கெடக்கறவனுக்குத் தெரியாதா?” அவன் கொஞ்சம் சிரித்தான். “ஆனா காலைல அந்த வெயில் மேல விழும்போதெல்லாம் எனக்கு இந்த அரம் சத்தந்தான் கேக்கும். என்ற காது அப்படி.”

வெயில் இறங்கும்வரை வசந்தாமணி சாக்கை நனைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பிறகு ரிங்கை இரண்டாக ஒடித்துப் பழைய இரும்புக் கூடையில் போட்டுவிட்டு, குன்னூருக்குப் போன் செய்தாள்.

“அம்மா, ஒரு ரிங்கை நான் கெடுத்துட்டேன். புதுசு வரவழைக்கணும். இன்னும் மூணு வாரம் ஆகுமுங்க.”

“முப்பத்து நாலு வருஷம் ஆச்சு,” என்றார் மனோரஞ்சிதம் அம்மாள். “மூணு வாரந்தானே.”

தை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி. எஞ்சின் காரில் ஏறி உட்கார்ந்திருந்தது. இரண்டு வரிசைக்காரர்களும் அவரவர் வாசலில் நின்றார்கள். பாலை இறக்கிவைத்துவிட்டார்கள், தொட்டில்களைப் பிடித்துக்கொண்டார்கள், டிஷ் ஆன்டெனாக்காரர் தன் ஏணியைப் படுக்கவைத்துவிட்டார். மனோரஞ்சிதம் அம்மாள் உள்ளே உட்கார்ந்து, கறுத்த சாவியைப் போட்டு, வசந்தாமணியைப் பார்த்தார். வசந்தாமணி தலையசைத்தாள். எஞ்சின் ஒருமுறை தும்மியது, இரண்டாவது முறை தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டு, கனமான துணியைத் தொடர்ந்து கிழிப்பதுபோன்ற சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது.

வீதி சுழன்றது. நிமிஷத்துக்கு எண்ணூறு தடவை சுழன்றும் ஒருவருக்கும் தலை சுற்றவில்லை, தம்ளரில் இருந்த டீயில் ஓர் அலைகூட எழவில்லை, ஏனென்றால் அத்தனை வேகத்தில் திசை என்பதே இல்லாமல் போய், கிழக்கு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் இருந்தது. வீட்டுக்கு நான்கு சுவரிலும் வெயில் அடித்தது, எந்தப் பொருளுக்கும் நிழல் விழவில்லை, பாலக்காட்டுக் கணவாய்க் குளிர்காற்றும் கிழக்கத்திக் காடுகளின் வறண்ட காற்றும் ஒரே வாசலில் ஒன்றாக நுழைந்தன, கட்டிய நாளிலிருந்து விளக்கு வெளிச்சத்தில் மட்டுமே தெரிந்த பிள்ளையாரின் முதுகுப்புறம் பளிச்சென்று தெரிந்தது, கொடியில் போட்ட ஈரத்துணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தன. வெள்ளிங்கிரி கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் வெளிச்சத்தோடு, சிலிண்டர்களை அவை வெடிக்கிற வரிசைப்படி ஒன்று, நாலு, மூன்று, இரண்டு என்று காதால் எண்ணிக்கொண்டிருந்தான். நான்கும் ஒரே சீராக இருந்தன.

பதினைந்து நிமிஷம் ஓடியது. தெருவுக்கு நடுவில் நின்ற வசந்தாமணி கையை உயர்த்தினாள். மனோரஞ்சிதம் அம்மாள் சாவியைத் திருப்பினார். எஞ்சின் குறைந்து, குலுங்கி, ஓர் அழுத்தத்தைத் தாண்டி, அடுத்ததைத் தாண்டப் பார்த்து, முடியாமல் கொஞ்சம் பின்வாங்கி நின்றது.

வெயில் நஞ்சப்பனின் வாசற்படியில் கிடந்தது.

நஞ்சப்பன் தன் காலடியில் கிடந்த வெயிலைப் பார்த்தார், பிறகு எதிரே அந்த ஜன்னலைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டினார். இனி இந்த வீதிக்குள் எஞ்சினை எழுப்பக்கூடாது என்பதால் கியரை நியூட்ரலில் போட்டு, இரண்டு வரிசைக்காரர்களும் சேர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் விட்டார்கள். நஞ்சப்பனும் தள்ளினார். மனோரஞ்சிதம் அம்மாள் அங்கே மறுபடி எஞ்சினை எழுப்பியபோது வீதியில் ஒரு நிழல்கூட நகரவில்லை; அவர் வசந்தாமணியின் கையை ஒரு தடவை இறுகப் பிடித்து விட்டுவிட்டு, பஸ்களுக்கு நடுவே புகுந்து போனார்.

மத்தியானம் போன் வந்தது. “பர்லியார் தாண்டியாச்சு வசந்தா. மூணாவது கியர்லயே ஏறிட்டேன். வளைவுல நிறுத்தி ஒரு டீ குடிச்சிட்டு, மறுபடி எடுத்துட்டு வந்தேன்.” அவர் குரலுக்குப் பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வசந்தாமணி போனைக் கொண்டுபோய் வெள்ளிங்கிரியின் காதில் வைத்தாள். அவன் கேட்டுவிட்டு, “நல்லா இருக்குது,” என்றான்.

அன்று மூன்று மணிக்கு அவள் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டாள். மறுநாளும் தொங்கவிட்டாள். அதற்கடுத்த நாள் சாக்கைக் கையில் பிடித்தபடி அறையின் நடுவில் நின்று, கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். தரையிலிருந்து கூரைவரை இரும்பு அலமாரி, அதில் இருபத்திரண்டு வருஷத்துப் பழைய சாமான்கள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கருவேலம் மண்டிய காலி இடம். அது கிழக்குச் சுவர். இத்தனை நாள் அங்கே ஒரு சுவர் இருக்கிறது என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை. அது அலமாரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்தாள். ஏழு மணிக்கு நஞ்சப்பன் கடப்பாரையோடு தெருவைக் கடந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். வஹாப் பாய் அவளோடு சேர்ந்து கட்டிலை அந்தச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, வெள்ளிங்கிரியின் மேல் தூசி விழாமல் ஒரு பழைய திரைத்துணியைப் போர்த்தினார். செங்கல் செங்கலாகப் பெயர்த்தார்கள். எட்டு மணி சுமாருக்கு ஒரு செங்கல் வெளிப்பக்கமாகச் சரிந்து விழ, அந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு கம்பியைப்போல நீண்டு உள்ளே வந்து, தூசியை ஊடுருவி, கட்டில் காலில் நின்றது.

வெள்ளிங்கிரி திரைத்துணியை முகத்திலிருந்து விலக்கினான்.

“இன்னும் ரெண்டு வரிசை கீழே எறக்குங்கண்ணா,” என்றான். “தலகாணி வரைக்கும் வரட்டும்.”

நஞ்சப்பன் கடப்பாரையை மறுபடி ஓங்கினார்.